இடப்பக்கத்து இருக்கை

சிக்கல் என்கிற அந்த ஊரில் அந்தக் காரைப் பற்றி ஆளுக்கொரு குறை வைத்திருந்தார்கள். இரண்டு பேருக்கு மேல் உட்கார முடியாது. மேலே மூட இருந்த துணிக்கூரை வெயிலில் இற்றுப்போய், மடித்து வைத்த இடத்தில் எலி குட்டி போட்டிருந்தது. ஒரு மூட்டை நெல் ஏற்ற வழியில்லை. அவசரத்துக்கு ஒரு பிள்ளைத்தாய்ச்சியைப் படுக்கவைத்து ராமநாதபுரம் கொண்டுபோகவும் வழியில்லை. தரையோடு தரையாக ஓடுகிற வண்டி என்பதால், அதில் போகிறவர்களைத் தூரத்திலிருந்து பார்த்தால் பந்தியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடியே பறந்து போவதுபோல இருக்கும்.

"வெள்ளைக்காரன் எல்லாத்தையும் அள்ளிட்டுப் போனானே, இதை மட்டும் ஏன் விட்டுட்டுப் போனான்னு இப்பல்ல தெரியுது," என்பார் டீக்கடைக் கூத்தையா, அது தன் கடையைத் தாண்டும்போதெல்லாம்.

கடற்கரை ஊரான மண்டபத்தில் இருந்த ஒரு துரை ஊருக்குக் கப்பலேறும்போது உக்கிரபாண்டியின் அய்யா அதை வாங்கிவந்து வைக்கோற்போருக்குப் பக்கத்தில் நிறுத்தினார். ஏன் வாங்கினோம் என்று அவருக்கே தெரியவில்லை. மகன் அதைத் துடைத்தான், எண்ணெய் போட்டான், ஒருநாள் கிளப்பியும் விட்டான். ஆனால் கிளப்பியது அவன் ஒருவன் மட்டும் அல்ல. அவனோடு கூட்டாளி நாகநாதன் இருந்தான்.

செல்ஃப் மோட்டார் என்று ஒன்று உண்டு. இருக்கையில் இருந்தபடியே ஒரு குமிழை இழுத்தால், அது எஞ்சினை முதல் சுற்று சுற்றிக் கொடுத்து எழுப்பிவிடும். மண்டபத்து உப்புக்காற்று அந்த வண்டியில் முதலில் தின்றது அதைத்தான். குமிழை இழுத்தால் செத்த பாம்பின் வாலை இழுத்ததுபோல இருக்கும், ஒன்றும் அசையாது. ஆகவே வண்டியின் மூக்கில் இரும்பு ஹேண்டிலை விட்டுக் கையால் சுற்ற வேண்டும். வெளியே ஒருவன் சுற்ற, உள்ளே ஒருவன் பெடலை மிதித்து எஞ்சினைத் தாலாட்ட வேண்டும். இல்லையென்றால் எழுந்த வேகத்தில் அது மறுபடி தூங்கிப்போகும். ஹேண்டிலைப் பிடிப்பதிலும் ஒரு முறை இருந்தது. கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும். சுற்றி வளைத்துப் பிடித்தால், எஞ்சின் திமிறி உதைக்கும்போது மணிக்கட்டு போய்விடும். நாகநாதனுக்கு ஒருமுறை போயிருந்தது. பத்துப் போட்டுக்கொண்டு படுத்திருந்த நாட்களில் வண்டியும் வைக்கோற்போர் பக்கத்திலேயே படுத்திருந்தது என்பதில் அவனுக்கு ஒரு ரகசியப் பெருமை. வேறு யாரையும் வைத்து உக்கிரபாண்டி அதைக் கிளப்பவில்லை.

அப்படித்தான் அந்த இடப்பக்கத்து இருக்கை நாகநாதனுடையதாயிற்று. யாரும் கொடுத்ததில்லை. சுற்றிவிட்டு, ஹேண்டிலை உருவி, ஓடிவந்து, கதவைத் திறக்காமலேயே தாண்டிக் குதித்து உட்காருவான். கதவின் மேல்விளிம்பில் அவன் முழங்கை வைத்து வைத்துத் தோலுறை தேய்ந்து, உள்ளேயிருந்த மரம் தெரிய ஆரம்பித்தது. வண்டி வேகம் பிடித்துக் காற்று காதை அடைக்கும்போது, தங்களைத் தவிர உலகத்தில் எல்லாரும் நடந்துகொண்டிருக்கிறார்கள் என்று தோன்றும்.

இருவருக்கும் ஒரு கனவு இருந்தது. ஒருநாள் மண்டபம் ஸ்டேஷனில் அவர்கள் ஒன்றைப் பார்த்தார்கள். ராமேஸ்வரத்துக்கு ரோடு கிடையாது. கடலைத் தாண்ட ரயில் பாலம் மட்டும்தான். கார் போக வேண்டுமென்றால், பக்கச்சுவர் இல்லாத தட்டைப் பெட்டி ஒன்றில் ஏற்றிச் சங்கிலி போட்டு ரயிலோடு கோத்துவிடுவார்கள். அன்று அப்படி ஒரு கார் போயிற்று. அதற்குள் ஓர் அதிகாரி கால்மேல் கால் போட்டுப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். கடல் இரண்டு பக்கமும் அவருக்காக விலகி நிற்பதுபோல இருந்தது.

"மனுசன் கடலைப் பாக்காமப் பேப்பரைப் பாக்குறான் பாருலே," என்றான் நாகநாதன்.

"நம்ம போறப்ப பேப்பர் கொண்டு போகக்கூடாது," என்றான் உக்கிரபாண்டி.

அவ்வளவுதான் பேசினார்கள். ஆனால் அது முடிவாகிவிட்டது. ஒரே ஒரு இடைஞ்சல். தட்டைப் பெட்டியில் வண்டியின் மூக்குக்கு முன்னால் நின்று ஹேண்டில் சுற்ற இடமிருக்காது. ராமேஸ்வரத்தில் கூலியாட்களை வைத்துத் தள்ளி இறக்கலாம் என்றார் ஸ்டேஷனில் ஒருவர். உக்கிரபாண்டிக்கு முகம் சிவந்துவிட்டது. "தள்ளி எறக்குறதுக்கு எங்க அய்யாவோட மாட்டு வண்டியே போதுமே." ஆக, செல்ஃப் மோட்டார் கிடைத்தால்தான் பாலம். ராமநாதபுரத்தில் பட்டறை வைத்திருந்த, அண்ணன் என்ற முறையில் எல்லாரும் காக்கா என்று கூப்பிடுகிற வாவு முகம்மதுவிடம் சொல்லிவைத்தார்கள். அவர் மதுரைக்கும் மெட்ராசுக்கும் சொல்லிவைத்தார். காத்திருந்தார்கள்.

அந்தக் காத்திருப்பின் நடுவில்தான் திருவாடானையிலிருந்து உக்கிரபாண்டிக்கு ஒரு சம்பந்தம் வந்தது. நிலபுலன் உள்ள வீடு. பெண்ணுக்கு அண்ணன் ஒருவன், தம்பி ஒருவன். அதைக் கேட்டதும் நாகநாதன் கணக்குப் போட்டுப் பார்த்தான். மச்சான்கள் இரண்டு பேர் வந்துவிட்டால் இடப்பக்கத்தில் இவனுக்கு என்ன வேலை? இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. அது தோன்றிய நேரத்தில் அதைவிடப் புத்திசாலித்தனமான யோசனை உலகத்தில் யாருக்கும் வந்திருக்காது என்று நினைத்தான். தன் தங்கை சேதுலட்சுமி இருக்கிறாளே. அவளைக் கொடுத்துவிட்டால் மச்சான் என்கிற இடம் தனக்கே வந்துவிடும். அப்புறம் யார் பிரிக்க முடியும்?

அவனே அம்மாவிடம் பேசினான். அவனே உக்கிரபாண்டியின் அய்யாவிடம் போய், "முறைப்பொண்ணு வீட்டுக்குள்ள இருக்கையில திருவாடானைக்கு எதுக்கு மாமா வண்டி கட்டணும்?" என்றான். ஊர் அவனை மெச்சியது. தங்கச்சி மேல் இத்தனை பாசமா என்றது. சேதுவைக் கேட்டபோது, அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் ஊதுகுழலைக்கூடக் கீழே வைக்காமல் சரி என்று சொல்லிவிட்டாள். பெண் என்றால் கொஞ்சமாவது யோசிக்க வேண்டாமா என்று அம்மாவுக்குத்தான் சங்கடமாக இருந்தது.

கல்யாணத்தில் நாகநாதன்தான் மாப்பிள்ளைத் தோழன். மணவறையில் உக்கிரபாண்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். எல்லாம் நினைத்தபடி நடந்ததாகத்தான் அந்த நிமிஷத்தில் பட்டது.

முதல் அடி அம்மாவிடமிருந்து விழுந்தது. "இனிமே மாப்பிள்ளைய ஏலே, வாலேன்னு கூப்பிட்டுக்கிட்டுத் திரியாத. கட்டிக் குடுத்த எடம். வாங்க, போங்கன்னு பேசு. நாலு பேரு பாத்தா நம்மளத்தான் காறித் துப்புவாங்க." நாகநாதனுக்கு நாக்கில் பாதியை அறுத்து வைத்துக்கொண்டது போலிருந்தது. 'வாங்க மாப்பிள்ளை' என்று அவன் சொன்னபோது உக்கிரபாண்டி சிரித்தான். அடுத்த முறை சிரிக்கவில்லை. அதற்கடுத்த முறை அது பழகிவிட்டது.

இரண்டாவது அடி சேதுக்கரைக்குப் போனபோது விழுந்தது. புதுமணத் தம்பதி கடல் குளிக்கப் போக வேண்டும். வண்டி வாசலில் நின்றது. நாகநாதன் வழக்கம்போல ஹேண்டிலைச் சுற்றினான். எஞ்சின் எழுந்தது. உருவிக்கொண்டு ஓடிவந்தவன் கதவில் கை வைத்துத் தாண்டப்போனான். அங்கே சேது உட்கார்ந்திருந்தாள். பட்டுச் சேலையின் கொசுவத்தை மடியில் திரட்டி வைத்துக்கொண்டு, அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணே, பின்னாடி ஏறிக்கிறியா? எலி இருக்குதாம், பாத்து."

மடித்துவைத்த துணிக்கூரையின் மேல், காலைத் தொங்கவிட இடமில்லாமல் கோழிபோலக் குந்திக்கொண்டு அவன் சேதுக்கரை போனான். புழுதி முழுக்க அவன் வாயில். கூத்தையா கடையைத் தாண்டும்போது, "தோழன் வேலை மணவறையோட முடியுமே, ஒனக்கு இன்னும் முடியலையாப்பா?" என்று குரல் வந்தது. அது அவனுக்கு உறைக்கவில்லை. சேது தன் வளையல் கையை எடுத்துக் கதவின் விளிம்பில், தோலுறை தேய்ந்து மரம் தெரிந்த அதே இடத்தில், முழங்கையை ஊன்றி வைத்தாளே, அதுதான் சேதுக்கரை போய்ச் சேரும்வரை அவன் கண்ணை விட்டு அகலவில்லை. தன் கூடப்பிறந்தவளை இப்படி வெறிக்க முடியும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

மார்கழிக் கடைசியில் வாவு முகம்மதுவிடமிருந்து ஆள் வந்தது. மோட்டார் கிடைத்துவிட்டது. அறுப்பு வேலையில் உக்கிரபாண்டி நகர முடியவில்லை. நாகநாதன் மட்டும் பஸ் ஏறினான்.

"மெட்ராசுல ஒரு செத்த வண்டிக்குள்ள இது உசுரோட கெடந்துச்சு தம்பி," என்றார் வாவு முகம்மது. தன் பட்டறையில் எது வந்தாலும் அது தன் பெருமைக்காகவே வந்தது என்று நினைக்கிற மனிதர். மோட்டாரைத் தரையில் வைத்துக் காலால் மிதித்துக்கொண்டு, பேட்டரியிலிருந்து வயரைத் தொட்டார். அது உறுமிக்கொண்டு கிடாய்க்குட்டிபோலத் துள்ளியது. "பாத்தியளா? கால எடுத்தா கீழக்கரைக்கே போயிரும். எம்பேரச் சொல்லிச் சுத்தும் இது. ஒரு வேளை, அல்லா காப்பாத்தட்டும், சுத்தலைன்னு வைங்க, மொதல்ல இதப் பாருங்க."

மோட்டாரின் பின்முனையைச் சுற்றி ஒரு தகடு வளையம் இருந்தது. திருகைத் தளர்த்தி அதை நகர்த்தினார். உள்ளே புளியங்கொட்டை அளவு கரித்துண்டுகள், சின்ன ஸ்பிரிங்கின் அழுத்தத்தில், செம்புச் சக்கரத்தின் மேல் ஒட்டி உட்கார்ந்திருந்தன.

"இந்தக் கார்பன் வழியாத்தான் கரண்டு உள்ள போகணும். நடுவுல ஒரு தூசி அண்டுனாலும் பய படுத்துருவான். சரி, வண்டி கெளம்பிட்டா மொத சவாரி எங்கன?"

"ராமேஸ்வரம் காக்கா. பாலத்து மேல, வண்டிக்குள்ளயே உக்காந்து."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்தான்."

"தங்கச்சிய அவருக்குக் கட்டிக் குடுத்தியளே, அது?"

"அது ரயில் பெட்டியில வரும்," என்றான் நாகநாதன். சொல்லிவிட்டு, சொன்னது உண்மையாகிவிட்டதுபோல மனசு லேசாயிற்று. பஸ்ஸில் சாக்கில் சுற்றிய மோட்டாரை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். ஒரு கைக்குழந்தையின் கனம். வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே வேலிக்கருவையும் பனையும்தான் ஓடின; அவன் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

ஊரில் இறங்கி நேராக உக்கிரபாண்டி வீட்டுக்குப் போனான். சேது முற்றத்தில் ஒரு நீலத் துணிக்குக் கரை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"வந்துருச்சா?" என்று எழுந்து சாக்கைத் தொட்டுப் பார்த்தாள். "அண்ணே, பொங்கல் முடிஞ்ச மறுவாரம் ராமேஸ்வரம் போறோம். அவுக சொல்லிட்டாக. பாலத்துல காத்து முடியப் பிச்சு எடுத்துருமாம்ல, அதுக்குத்தான் இந்தத் துணி. நீ ரயில் பெட்டியில வந்துரு. ஜன்னல் ஓரமாப் பாத்து உக்காந்துக்க."

அவன் சாக்கைத் தூக்கித் தோளில் வைத்தான். அம்மாவுக்கென்று அவள் கருப்பட்டிப் பணியாரம் வைத்துக் கொடுத்த ஓலைக் கொட்டானை வாங்கிக்கொண்டு வந்தான். கல்யாணச் சீருக்காக அவளே முடைந்த கொட்டான் அது. சிவப்பும் பச்சையும் சாயம் ஏற்றிய ஓலை.

மறுநாள் காலை வேலை கண்மாய் மடைக்குக் கீழே. அறுப்புக்காக மடையை அடைத்திருந்ததால் வாய்க்கால் காய்ந்து கிடந்தது. இரு கரையிலும் பிளந்த பனைமரத்தை நீளவாக்கில் போட்டு, அதன்மேல் வண்டியை ஏற்றி நிறுத்தினால், வாய்க்காலுக்குள் ஓர் ஆள் மல்லாந்து படுத்து அடியில் வேலை பார்க்கலாம். வண்டியை முந்தின நாள் சாயங்காலமே இருவரும் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். நாகநாதன் மோட்டாரோடும் கொட்டானோடும் முதலில் வந்து சேர்ந்தான். கொட்டானை வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று அம்மா முருங்கைக்கீரை வைத்து அனுப்பியிருந்தாள்.

உக்கிரபாண்டி இன்னும் வரவில்லை. நாகநாதன் மோட்டாரைப் பனைமரத்தின் மேல் வைத்தான். சும்மா பார்க்கலாம் என்றுதான் தகடு வளையத்தை நகர்த்தினான். கார்பன் துண்டுகள் செம்பின் மேல் அவ்வளவு நெருக்கமாக, அவ்வளவு நிம்மதியாக ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு தூசி அண்டினாலும் படுத்துவிடும் என்றாரே. அவன் கை கொட்டானின் விளிம்புக்குப் போயிற்று. சிவப்பு ஓலையில் ஈர்க்கு கனத்துக்கு இரண்டு கீற்று கிழித்தான். ஸ்பிரிங்கைத் தூக்கி, கார்பனுக்கும் செம்புக்கும் நடுவில் ஒவ்வொன்றாகச் செருகினான். நுனியை உள்ளே மடக்கிவிட்டு வளையத்தைத் திருகினான். வெளியே ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் ஒரு பீடி பற்றவைக்கிற நேரம்தான்.

உக்கிரபாண்டி பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தான். பேட்டரி வயரைக் கழற்றினார்கள். பழைய மோட்டாரைப் பிடித்திருந்தது இரண்டே போல்ட்டுதான். கீழ்ப்போல்ட்டு நாகநாதனின் ஸ்பேனருக்கு உடனே வந்தது. மேல்போல்ட்டு எஞ்சினுக்கும் ஸ்டீயரிங் தண்டுக்கும் இடையில் ஒளிந்துகொண்டு, துருவோடு துருவாக உட்கார்ந்திருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். மேலேயிருந்து உக்கிரபாண்டி கையை நுழைத்தான்; கீழேயிருந்து நாகநாதன் நுழைத்தான். இருட்டான அந்தச் சந்தில் இருவர் விரல்களும் ஒரே போல்ட்டைத் தேடி முட்டிக்கொண்டன.

"அது என் வெரலு மச்சான், போல்ட்டு இல்ல."

"போல்ட்டுன்னா இந்நேரம் கழண்டிருக்கும் மாப்பிள்ளை."

உக்கிரபாண்டி சிரித்தான். எஞ்சின் வழியாக அந்தச் சிரிப்பு நாகநாதனின் முகத்தில் மண்ணெண்ணெய்த் துளிகளோடு விழுந்தது. போல்ட்டு 'கிறீச்' என்று இளகியது. பழைய மோட்டார் உப்புப் பூத்து, பச்சைக் களிம்போடு, அவன் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. புதியதை ஏந்திப் பல்சக்கரம் உள்ளே புகும்படி காட்டினான். மேலே உக்கிரபாண்டியின் கண் ஒன்று மட்டும் தெரிந்தது. கல்யாணத்துக்குப் பிறகு இவ்வளவு பக்கத்தில் இருவரும் இருந்ததில்லை. வளையத்தைத் திறந்து ஓலையை இப்போதே உருவிவிட்டால் என்ன என்று நாகநாதன் நினைத்தான். திருகில் விரலையும் வைத்துவிட்டான்.

"சேது நீலத்துணி தைக்கிறா பாத்தியா?" என்றான் மேலேயிருந்து உக்கிரபாண்டி. "நேத்துப் பூராம் பாலம், பாலம்னு ஒரே பேச்சு. அவளப் பாலத்துல பாக்கணும்னு எனக்கே ஆசையா இருக்கு மச்சான்."

நாகநாதன் விரலை எடுத்துக்கொண்டான்.

வயரைப் பூட்டினார்கள். உக்கிரபாண்டி இருக்கையில் ஏறி, வேட்டியைச் சரிசெய்து, குலசாமியை நினைத்துக்கொண்டு குமிழை இழுத்தான். 'டக்' என்றது. அப்புறம் ஒன்றுமில்லை. மறுபடி இழுத்தான். டக். கண்மாயில் ஒரு கொக்கு கூட எழவில்லை.

நாகநாதன் அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தான். அவன் திட்டவில்லை. ஸ்டீயரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, எதிரே இருந்த காய்ந்த வாய்க்காலைப் பார்த்தபடி இருந்தான். "நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லபோல," என்றான். அந்த 'நமக்கு' யார் யார் என்று நாகநாதனுக்குக் கேட்கத் தோன்றியது. "சரி. பஸ்ஸு வார நேரம். கண்டக்டர்கிட்டச் சொல்லி நாளைக்கே வாவு காக்காவ வரச் சொல்றேன். அவரு பிரிச்சுப் பாக்கட்டும்."

அவன் ரோட்டுக்கு நடந்துபோனான். நாகநாதனுக்கு அப்போதுதான் உறைத்தது. வாவு முகம்மது வந்தால் முதலில் வளையத்தைத்தான் திறப்பார். சாயம் போட்ட சீர்க்கொட்டான் ஓலை மெட்ராசிலிருந்து வந்திருக்காது.

வாய்க்காலுக்குள் குனியப் போனவன் வளையல் சத்தம் கேட்டு நின்றான். சேது சோற்றுத் தூக்கோடு வந்துகொண்டிருந்தாள். வந்தவள் தூக்கை வைத்துவிட்டு, வண்டியில் ஏறி இடப்பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் கண் முன்னாலேயே.

"சுத்தலையாமே. எதுக்க வந்தாக, மூஞ்சியே சரியில்ல."

"சுத்தல."

"அம்மா கீர குடுத்துவிட்டாளா?" கொட்டானை எடுத்து மடியில் வைத்தாள். கீரையைக் கிளறினாள். பிறகு அவள் விரல் விளிம்பைச் சுற்றி மெதுவாக நகர்ந்து ஓரிடத்தில் நின்றது. கொட்டானைத் திருப்பி வெயிலில் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பானெட்டைப் பார்த்தாள்.

"எங்கன வச்சிருக்க?"

"எதை?"

"ஆடு கடிச்சா பிய்ஞ்சிருக்கும். இது நகத்தால கிழிச்சது. ரெண்டு கீத்து." அவள் குரலை உயர்த்தவேயில்லை. "நான் போறது பொறுக்கல. அதானே?"

நாகநாதன் வண்டியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு, "அது எங்க ரெண்டு பேரு கனவு," என்றான். "மண்டபத்துல வச்சே பேசினது. ஒன்னைக் கட்டிக் குடுத்ததே நான்தான். ஒரு நன்றி வேணாமா? நேரா வந்து உக்காந்துக்கிட்ட."

"நீ எதுக்குக் கட்டிக் குடுத்தன்னு எனக்குத் தெரியாதாக்கும்?" என்றாள் சேது. "நீ இதுல ஏறித் தாண்டிக் குதிச்சு உக்காருவியே, தெனம் வாசல்ல கோலப்பொடியோட நின்னு பாப்பேன். எம்மேல புழுதிய அள்ளிப் போட்டுட்டுப் போவீக. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, கோயில் வரைக்கும் ஏத்திக்கிட்டுப் போன்னு கேட்டேன். பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குன்னு கேட்ட. நெனவிருக்கா?"

அவனுக்கு நினைவில்லை. ஆனால் சொல்லியிருப்பான் என்று தெரிந்தது.

"அம்மா வந்து சம்மதமான்னு கேட்டா. மாப்பிள்ள மொகத்தையா நெனச்சேன்? இந்த சீட்டத்தான் நெனச்சேன். ஊதுகுழலக்கூடக் கீழ வைக்கல." சிரித்தாள். "அப்புறம்தான் மனுசனும் நல்ல மனுசனாப் போயிட்டாக."

இத்தனை நாள் தன் ஒருவனுடைய வயிற்றில் மட்டும்தான் அந்தத் தீ எரிகிறது என்று நினைத்திருந்தான். அவளுடையது தன்னுடையதைவிடப் பழையது என்று தெரிந்தபோது, அதிலும் ஒரு தோல்வி இருந்தது.

"பாலத்துல ரெண்டு தடவ போகணும்ல," என்றாள் சேது. "போறப்ப நான். வாரப்ப நீ."

"போறப்ப நான்னு வை."

"கொட்டான் எங்கிட்ட இருக்கு. அவுக ரோட்டுலருந்து திரும்பி வந்ததும் காட்டவா?"

நாகநாதன் வாய்க்காலுக்குள் இறங்கினான். வளையத்தை நகர்த்தி, ஸ்பிரிங்கைத் தூக்கி, இரண்டு கீற்றையும் உருவினான். சிவப்புச் சாயம் கார்பனில் லேசாக ஒட்டியிருந்தது. வேட்டி நுனியால் துடைத்தான். திருகை இறுக்கிவிட்டு மேலே வந்தபோது, சேது ஓட்டுகிற பக்கம் நகர்ந்து உட்கார்ந்திருந்தாள். கியர் விழாமல் இருக்கிறதா என்று பார்த்து, சாவியைப் போட்டான்.

"இதையா இழுக்கணும்?" என்று கேட்டுக்கொண்டே இழுத்துவிட்டாள்.

எஞ்சின் ஒரே உறுமலில் எழுந்தது. கொக்குகள் எழுந்தன. சேது 'அய்யோ' என்று காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரோட்டிலிருந்து உக்கிரபாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

"யாரு இழுத்தது?"

"நான்தான்," என்றாள் சேது.

"நான் பத்துத் தடவ இழுத்தேன், அசையல. சேது கை பட்டதும் எந்திரிச்சுட்டான் பாத்தியா மச்சான்." அவன் கண் கலங்கியிருந்தது. "கைராசிங்குறது சும்மா இல்ல."

அன்று சாயங்காலம் கூத்தையா கடையில் அதையே சொன்னான். மறுநாள் வீண் நடையாக வந்து இறங்கிய வாவு முகம்மதுவிடமும் சொன்னான். அவர் அதை ஏற்கவில்லை. "அது எங்கை ராசி," என்றார். நாகநாதன் இருவரையும் மறுக்கவில்லை. மறுக்க அவனிடம் இருந்தது வேட்டி மடியில் இரண்டு கீற்று ஓலைதான்.

பொங்கல் முடிந்த மறுவாரம் மண்டபத்தில் வண்டியைத் தட்டைப் பெட்டியில் ஏற்றிச் சங்கிலி போட்டார்கள். பயணிகள் பெட்டிகளுக்குப் பின்னால், கார்டு பெட்டிக்கு முன்னால் அதைக் கோத்தார்கள். நாகநாதன் கடைசிப் பயணிப் பெட்டியின் வாசற்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ரயில் பாலத்தில் ஏறி நடைவேகத்துக்கு வந்தது. கீழே தண்ணீர் ஒரு பக்கம் பச்சையாகவும் மறுபக்கம் நீலமாகவும் இருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. பின்னால் திரும்பி, காரையே பார்த்துக்கொண்டிருந்தான். நீலத்துணி பறந்தது. சேது ஒரு கையை வெளியே நீட்டி, காற்றை உள்ளங்கையில் பிடித்துப் பிடித்து விட்டாள். எதையோ காட்டினாள். உக்கிரபாண்டி அவள் பக்கமாகச் சாய்ந்து எட்டிப் பார்த்தான். இருவரும் வாய்விட்டுச் சிரித்தது தெரிந்தது. ரயில் சத்தத்தில் கேட்கவில்லை. கேட்காத சிரிப்பு கேட்கிற சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

ராமேஸ்வரத்தில் உக்கிரபாண்டி குமிழை இழுத்தான். வண்டி தன் காலிலேயே இறங்கியது. நாகநாதனின் கை பழக்கதோஷத்தில் இருக்கைக்கு அடியில் ஹேண்டிலைத் தேடிப்போய், வெறுமனே திரும்பியது.

தீர்த்தமாடி, சாமி கும்பிட்டு, மறுநாள் திரும்பினார்கள். ஸ்டேஷனில் சேது, "எனக்குத் தல சுத்துது. நான் பெட்டியில வாரேன். அண்ணன் வரட்டும்," என்றாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். பெட்டியில் ஏறும்போது தன் இடத்தில் உதிர்ந்து கிடந்த பூவைக்கூடப் பொறுக்கி எடுத்துக்கொண்டாள்.

நாகநாதன் கதவைத் தாண்டிக் குதித்து உட்கார்ந்தான். முழங்கையைத் தேய்ந்த இடத்தில் வைத்தான். ரயில் பாம்பனைத் தாண்டிப் பாலத்தில் ஏறியது. சக்கரத்துக்குக் கீழே கடல். இருபுறமும் கடல். எத்தனையோ நாள் கண்ணை மூடிப் பார்த்தது அப்படியே இருந்தது.

"ஏலே உக்கிரா," என்றான். அம்மா இல்லை, ஊர் இல்லை. "கீழ பாருலே."

உக்கிரபாண்டியின் முகம் மலர்ந்தது. "அப்படிக் கூப்பிட்டு எம்புட்டு நாளாச்சுலே." கீழே பார்த்தான். "இங்கனதான். இந்தத் தூணுக்கிட்டத்தான் சேது ஆமையப் பாத்தா. இம்புட்டுப் பெருசு. மொதல்ல நான் நம்பல. அப்புறம் தலயத் தூக்கி எங்களப் பாத்துச்சு."

நாகநாதன் பார்த்தான். தண்ணீர் மட்டும் இருந்தது.

"காத்தக் கையில புடிச்சுப் பாருங்கன்னா," என்றான் உக்கிரபாண்டி. "கோழிக்குஞ்சு மாதிரி இருக்காம். நீயும் புடிச்சுப் பாரேன்."

நாகநாதன் கையை நீட்டவில்லை. பாலத்தின் ஒவ்வொரு தூணிலும் சேது ஒன்றைச் சொல்லியிருந்தாள். தூக்குப் பாலம் வந்தபோது அவள் சாமி கும்பிட்டாளாம். அலை மேலே தெறித்தபோது நாக்கை நீட்டி உப்புப் பார்த்தாளாம். இருக்கை கிடைத்துவிட்டது, ஆனால் பக்கத்திலிருந்தவன் ஒரு நாள் பிந்தி, நேற்றைய பாலத்தில் போய்க்கொண்டிருந்தான்.

உக்கிரபாண்டி பேச்சை நிறுத்தி முன்னால் இருந்த பெட்டியைப் பார்த்தான். நாகநாதனும் பார்த்தான். சேது கடைசிப் பெட்டியின் வாசற்கம்பியைப் பிடித்துக்கொண்டு, நேற்று அவன் நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். கடல் பக்கம் திரும்பவேயில்லை. காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலை சுற்றுகிறவள் முகமில்லை அது. அந்தப் பார்வையை நாகநாதனுக்கு நன்றாகத் தெரியும். நேற்று அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் பார்த்த பார்வை.

சட்டென்று அவன் இருக்கையில் பாதி எழுந்து, வெறும் தண்ணீரைப் பார்த்துக் கையை நீட்டினான். தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். பெட்டி வாசலில் சேது, சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, கம்பியிலிருந்து உடம்பை வளைத்து அவன் காட்டிய இடத்தை எட்டி எட்டிப் பார்த்தாள்.

"என்னலே? எங்கன? ஆமையா?" என்றான் உக்கிரபாண்டி, அவன் மேல் சாய்ந்துகொண்டு.

"பெருசு," என்றான் நாகநாதன். "போயிருச்சு." முழங்கையைக் கதவின் விளிம்பில் வைத்துக்கொண்டு, பாலம் முடிகிறவரை சிரித்த முகத்தோடே இருந்தான்.